பன்னிரண்டாவது படம்

மடக்கு நாற்காலி மறுபடியும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வெனிலா அதைச் சுவரைப் பார்க்கப் போட்டு, முதுகில் ஈரத்துண்டை விரித்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டினாள். இப்போது சாயங்காலம். நாற்காலி வாசலைப் பார்க்கிறது. துண்டு நாலாக மடித்து ஜன்னல் கட்டையில் கிடக்கிறது. வீட்டில் வேறு ஆள் கிடையாது, சாவியும் ஒன்றே ஒன்றுதான். விழுப்புரத்தில் ரயில்வே லைனுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன வீட்டுக்குள், பிலிம் கழுவும் ஹைப்போவின் புளித்த வாடை அலமாரி இடுக்கிலும் திரைச்சீலை மடிப்பிலும் தங்கியிருந்தது. எக்ஸ்ரே சென்டரில் நாள் முழுக்கப் பிலிம் கழுவுகிறவள் அவள், அந்த வாடை தன் புடவையோடு வருகிறது என்றுதான் அம்மா செத்த இந்த ஆறு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு வாடை அவளுக்கு முன்பே வந்து வீட்டில் இருந்தது.

எலி, என்றாள் சத்தமாக. எலி துண்டை மடிக்குமா என்று அவளே கேட்டுக்கொண்டாள். மடிக்கிற எலியாக இருந்துவிட்டுப் போகட்டும், போடி, என்று பதிலும் அவளே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குப் பயப்பட நேரமில்லை, கோபத்துக்கே நேரம் போதவில்லை.

கோபத்துக்குக் காரணம் கையில் சுருட்டி வைத்திருந்த பேப்பர். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஒரு முழுப் பக்கம். திண்டிவனத்தில் எப்போதோ மூடிய ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பரணில் கட்டுக் கட்டாகக் கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடைத்தனவாம். பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, முடிவெட்டுகிற கடை, லெவல் கிராசிங், சினிமாக் கொட்டகைப் படிக்கட்டு, எல்லாம் சாதாரண இடங்கள். ஒவ்வொன்றிலும் நட்டநடுவே ஆள் உட்காரும் ஓர் இடம் காலியாக இருக்கும். 'கூட்டம் நெரியும் பஸ் ஸ்டாண்டில் இந்த ஒரு பெஞ்சில் மட்டும் ஏன் யாருமே உட்காரவில்லை?' என்று கட்டுரைக்காரர் உருகியிருந்தார். சென்னையில் பெரிய கண்காட்சி நடக்கப்போகிறது. அந்தப் பெயர் தெரியாத கலைஞரையும் கண்டுபிடித்துவிட்டார்கள். கலைமதி ஸ்டுடியோ உரிமையாளர், காலஞ்சென்ற சீனுவாசன்.

"சீனுவாசனா!" என்றாள் வெனிலா நாற்காலியைப் பார்த்து. "கேட்டியாம்மா இந்தக் கூத்த?"

கேட்டுவிட்டு, ஏன் நாற்காலியிடம் கேட்டோம் என்று அவளுக்கே குளிர்ந்தது.

அந்தப் படங்களை எடுத்தவள் அருள்ராணி, வெனிலாவின் அம்மா. புருஷன் போன பிறகு, தொண்ணூற்று மூன்றில், கலைமதி ஸ்டுடியோவில் நெகட்டிவ் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தவள். அந்தக் காலத்தில் செத்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, குடும்பம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். பல பேருக்கு வாழ்நாளில் இருந்த ஒரே படம் அதுதான். சீனுவாசன் நல்ல மனிதர்தான், ஆனால் சாவு வீடு என்றால் அந்தத் தெருப்பக்கம்கூடத் தலைவைத்துப் படுக்க மாட்டார். அருள்ராணி போவாள். கழுத்தில் யாஷிகா கேமரா, தம்பி சவரிராயன் ஓட்டும் டிவிஎஸ் வண்டியில் பின் ஸீட்டு. ஒரு ரோலில் பன்னிரண்டு படம். சாவு வீட்டில் நாலு எடுப்பாள். மிச்சம் எட்டையும் ஊருக்குள் கண்ட கண்ட இடத்தில் எடுத்துத் தீர்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள்.

"சாவு வீட்டு ரோல முடிக்காம வூட்டுக்குக் கொண்டாரக் கூடாது" என்பாள். ரோல் முடிந்தால்தானே கழுவ முடியும், அதற்காகச் சொல்கிறாள் என்று வெனிலா நினைத்திருந்தாள்.

பேப்பரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். கண்காட்சி நடத்தும் காலரிக்காரப் பெண், பெயர் மிருணாளினி, தன்மையாகப் பேசினாள்.

"உங்க வருத்தம் புரியுது மேடம். ஆனா படமெல்லாம் அவங்க கடையிலதான் இருந்தது. நெகட்டிவ் ஏதாவது இருக்கா உங்ககிட்ட?"

"இருக்கு. அம்மா டப்பாவுல."

"நெகட்டிவ் இருந்தா கதையே வேற. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்க. பேர மாத்திடலாம். அப்புறம், சுவத்துல மாட்ட அம்மாவோட போட்டோ ஒண்ணு வேணும். நல்லா முகம் தெரியற மாதிரி."

வெனிலா சரி என்று சொல்லி வைத்தாள். வைத்த பிறகுதான் உறைத்தது. ஊரையெல்லாம் படம் பிடித்த அருள்ராணியை யாரும் படம் பிடித்ததில்லை. ரேஷன் கார்டுப் படத்திலும் முக்காடும் ஒரு கறுப்புக் கறையும்தான். அம்மாவின் முகம் இருக்கும் ஒரே பிலிம் பீரோவுக்குள், அதே யாஷிகாவுக்குள், கழுவப்படாமல் இருந்தது. அடக்கத்தன்று வெனிலாவே எடுத்த நாலு படம். இந்த மடக்கு நாற்காலியில் உட்கார வைத்து, விரல்களில் ஜெபமாலையைச் சுற்றி, தாடை தொங்காமல் தலையோடு சேர்த்து நாடிக்கட்டுத் துணி கட்டி.

மிச்சம் எட்டுப் படத்தை அவள் எடுக்கவில்லை. கல்லறையிலிருந்து வந்த அழுகையில் கேமராவை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

மறுநாள் திண்டிவனத்துக்குப் போனாள். கலைமதி ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது பிளெக்ஸ் பேனர் அடிக்கிறார்கள். சீனுவாசன் மகன் கோகுலகிருஷ்ணன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்கக்கா. டீ சொல்லட்டுமா?"

"டீயெல்லாம் வேணாம். உங்கப்பா எடுத்தாருன்னு எந்த வாயால சொன்ன?"

"எங்கப்பா கடை, எங்கப்பா கேமரா. வேற யாரு எடுத்திருப்பாங்கன்னு நெனச்சேங்க்கா. பேப்பர்ல போட்டதும் ஊரே வந்து கை குடுக்குது. அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, அந்தப் பேப்பர தலகாணிக்குக் கீழ வெச்சிக்கினு அழுவறாங்க. நான் இப்ப போய் இல்லன்னு எப்பிடிச் சொல்றது?"

அவனைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. அதனாலேயே வெனிலாவுக்கு இன்னும் எரிந்தது.

"எங்கம்மா செத்தப்ப பேப்பர்ல நாலு வரி வரல கோகுல். உன் வருத்தம் எனக்குப் புரியுது, ஆனா நான் விடமாட்டேன். நெகட்டிவோட வர்றேன், பாரு."

"ரோல் முழுசா இருக்குதாக்கா?" அவன் குரல் தாழ்ந்தது. "முழுசா பாத்திருக்கீங்களா?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. சாவு வூட்டுப் படம் போவ, உங்கம்மா கடைசிப் படத்த மட்டுந்தான் பிரிண்டு போடுவாங்க. மீதிய ஏன் போடறதில்லன்னு ஒருவாட்டி அப்பா கேட்டாரு. அப்புறம் அவரு டார்க்ரூம் பக்கம் போறதயே வுட்டுட்டாரு."

சாயங்காலம் எக்ஸ்ரே சென்டரில் டாக்டர் கிளம்பிய பிறகு, வெனிலா அம்மாவின் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். சுருள் சுருளாகப் பிலிம்கள், ஒன்றுகூட வெட்டப்படவில்லை. ஒன்றை விரித்து, எலும்பு பார்க்கும் வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். பழகிய கண்ணுக்கு அது தடையில்லை. முதல் நாலு படத்தில் ஒரு கிழவி நாற்காலியில் இருந்தாள், மூக்கில் பஞ்சு, தலையைச் சுற்றி நாடிக்கட்டு, சுற்றிலும் அழுகிற ஜனம். முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கொட்டகை வாசலில் பூ விற்ற பாஞ்சாலி. சந்தோஷமாகத்தான் இருந்தது வெனிலாவுக்கு. இதுதானே ருசு! சீனுவாசன் சாவு வீட்டுக்குப் போனதே இல்லை என்று திண்டிவனத்துக்கே தெரியும். சாவு வீடும் சினிமாக் கொட்டகைப் படிக்கட்டும் ஒரே பிலிமில் இருந்தால் எடுத்தவள் யார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஐந்தாவது படம் பஸ் ஸ்டாண்டு. நல்ல கூட்டம், தூரத்தில் ஒரு பெஞ்சு.

பெஞ்சில் பாஞ்சாலி உட்கார்ந்திருந்தாள்.

வெனிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூக்கில் பஞ்சு, தலையில் துணி. இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் விட்டு ஜனங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவர் கண்ணும் அவள்மேல் இல்லை. ஆறாவது படம் காய்கறிக் கடை, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பாஞ்சாலி, ஒரு சாக்கு மூட்டைமேல். ஏழாவதில் டீக்கடை. எட்டாவதில் நாடிக்கட்டின் முடிச்சு தளர்ந்திருந்தது. ஒன்பதாவதில் மூக்கில் பஞ்சு இல்லை. பத்தாவதில் கண் திறந்திருந்தது. பதினொன்றாவதில் கொட்டகைப் படிக்கட்டு, துணி கழுத்தில் மாலையாகக் கிடக்க, பாஞ்சாலி கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிற பாஞ்சாலி. உதடு லேசாகப் பிரிந்து, ஏதோ சொல்லப்போகிறவளாக இருந்தாள்.

பன்னிரண்டாவதில் அதே படிக்கட்டு. ஆள் இல்லை.

பேப்பரில் வந்த படம் அதுதான்.

வெனிலா அடுத்த சுருளை மாட்டினாள். அதற்கடுத்ததை மாட்டினாள். மல்லாட்டை வறுத்து விற்ற வியாபாரி ஒருவர், லெவல் கிராசிங் கட்டை. முடிவெட்டுகிற கடைக்காரர், அவருடைய சொந்த நாற்காலி. எல்லா ரோலும் ஒரே மாதிரிதான் போயிற்று. நாலு படத்தில் பிணம், ஏழு படத்தில் கூடவே வருகிற ஆள், கடைசியில் காலி இடம். வெளிச்சப் பெட்டியை அணைத்ததும் அறையின் மூலையில் இருந்த நோயாளி ஸ்டூலைப் பார்க்கப் பிடிக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டே வெளியே வந்தாள்.

வளவனூரில் சவரிராயன் மாமா வீட்டு வாசலில் டிவிஎஸ் வண்டி துருப்பிடித்து நின்றது. வெனிலா பார்த்ததையெல்லாம் அவரிடம் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இன்னாத்துக்கு அத நோண்டிக்கினு இருக்கற? அக்காவே காட்டல, நீ ஏன் பாக்கணும்?"

"உனக்குத் தெரியுமா மாமா?"

"நான் கண்ணால எதையும் பாக்கல. வண்டிக்குத் தெரியும்." வறட்டுத்தனமாகச் சிரித்தார். "போவசொல்ல நாங்க ரெண்டு பேரு. சாவு வூட்லேர்ந்து திரும்பசொல்ல வண்டி மேடு ஏறாது. மூணு பேரு பாரம். நான் எறங்கித் தள்ளுவேன். அக்கா ஒண்ணும் பேசாது. எங்கனா ஒரு எடத்துல நிறுத்தச் சொல்லி, 'உனக்குப் புடிச்ச எடந்தான, எறங்கிக்க'ன்னு சொல்லி கடைசிப் படத்த எடுக்கும். அப்புறம் வண்டி துள்ளிக்கினு போவும் பாரு, ஜல்தியா வூடு வந்துருவோம்." திடீரென்று நிறுத்தினார். "அக்காவோட ரோலு எங்க?"

"பீரோவுல."

"முடிச்சியா?"

"இல்ல."

மாமாவின் முகம் வெளுத்தது. "ஆறு வருஷமா வூட்டுக்குள்ள வெச்சிக்கினு இருக்கியா? அடிப்பாவி! நாளைக்கே எடுத்துக்கினு போ. கடைசிப் படம் வெளிய, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலயே எடு. அக்காவ வுட்டுட்டு, திரும்பிப் பாக்காம வா."

"பன்னெண்டாவது படத்த வெளிய எடுக்கலன்னா இன்னா ஆவும்?"

"யாருக்குத் தெரியும்? அக்கா ஒருவாட்டிகூட அப்பிடிப் பண்ணதில்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் வெனிலா அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பயம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்டுடியோக்காரர் அம்மாவைச் சாவு வீட்டுக்கு அனுப்பினார். சாவு வீட்டுக்காரர்கள் அவளைப் பின்வாசலில் நிற்க வைத்தார்கள். படம் வந்ததும் கடை முத்திரையைக் குத்திக் கொடுத்தார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை அவள். செத்த பிறகு வாயைக் கட்டியும் விட்டார்கள், கட்டியது வெனிலாவின் கைதான். இப்போது அவளை ஒரு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் இறக்கிவிட்டு, சுவரில் நாடிக்கட்டோடு ஒரு பிணத்தை மாட்ட வேண்டுமாம். முடியாது. எல்லாரையும் இறக்கிவிட்டவளை யார் இறக்குவது? பதினொன்றில் பாஞ்சாலிக்கு உயிர் முகம் வந்ததென்றால், பன்னிரண்டில் இறக்கிவிடாமல் வைத்துக்கொண்டால், அம்மாவுக்கு முழுசாக வரும். அந்த முகத்தைத்தான் மாட்டுவேன்.

தப்பு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. இருக்கட்டுமே என்றாள் அதற்கும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கேமராவை எடுத்தாள். பீரோ திறந்ததும் ஹைப்போ வாடை முகத்தில் அடித்தது. ஐந்தாவது படத்துக்குத் தன் தெருமுனைப் பம்ப்படி. யாஷிகாவைக் குனிந்துதான் பார்க்க வேண்டும், மேலே இருக்கும் கண்ணாடிச் சதுரத்தில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். தண்ணீர் பிடிக்கிற பெண்கள் குடத்தோடு நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பம்ப்படித் திட்டில் மட்டும் ஓர் ஆள் இடம் காலி. ஒருத்தி அங்கே குடத்தை வைக்கப் போனவள் என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டாள். வெனிலா பட்டனை அழுத்தினாள்.

கோயில் வாசல் பெஞ்சு, சந்தையின் எடைமேடை, ஜங்ஷனில் முதல் பிளாட்பாரம். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. காலி இடம் மட்டும் தெரிந்தது, ஒவ்வொரு தடவையும் கிட்டத்தில். பிளாட்பாரத்தில் ஒரு கைக்குழந்தை அந்தக் காலி இடத்தைப் பார்த்து வீரிட்டு அழுதது, தாய் அதைத் தோளில் போட்டுக்கொண்டு தூரமாகப் போய் நின்றாள்.

திண்டிவனம் பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். வெனிலாவுக்குப் பக்கத்து ஸீட்டில் யாரும் உட்காரவில்லை. காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

"உக்காருங்கய்யா."

"வேணாம்மா" என்றார் அவர், ஸீட்டைப் பார்க்காமல். "ஆளு இருக்குது."

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடவில்லை. பக்கத்து ஸீட்டின் ரெக்சின் மெதுவாக அமுங்கி, மெதுவாக எழும்பியது. "பயப்படாதம்மா" என்றாள் வெனிலா. யாருக்குச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

திண்டிவனத்தில் மூன்று படம். பதினொன்றாவதைப் பஸ் ஸ்டாண்டின் அதே பழைய பெஞ்சில் எடுத்தாள். மாமா சொன்ன இடம் இதுதான், இங்கேயே பன்னிரண்டையும் எடுத்தால் முடிந்தது. பட்டன்மேல் விரல் இருந்தது. சுற்றிலும் பகல், வெயில், பஜ்ஜி வாடை, ஹாரன் சத்தம். உயிரோடு இருக்கிற ஊர்.

"எறங்காதம்மா" என்றாள். "எங்கூட வா."

கேமராவை மூடினாள். திரும்பும் பஸ்ஸிலும் பக்கத்து ஸீட்டு காலியாகவே வந்தது.

எக்ஸ்ரே சென்டருக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். டாக்டர் அன்று வரவில்லை. வாட்ச்மேன் மாரியப்பன் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"எட்டுலேர்ந்து ஒம்போது கரண்டு கட்டும்மா. பேஜாரா இருக்குது. ஜெனரேட்டர் மெஷினுக்கு மட்டுந்தான், டார்க்ரூமுக்கு வராது. பாத்துக்க."

"அதுக்குள்ள முடிச்சிடுவேன்."

"கூட வந்தவங்க வெளிய உக்காரட்டுமே. எதுக்கு அந்த இருட்டுக்குள்ள?"

அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். மூலையில் இருந்த நோயாளி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் டார்க்ரூம் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு விளக்கு, சிவப்பு பல்பு. சுவர், தொட்டி, அவளுடைய கை எல்லாமே சிவப்பாகின. ஸ்டூலைப் பல்புக்குக் கீழே இழுத்துப் போட்டாள். தொட்டியில் தண்ணீர் சொட்டும் சத்தம், தன் மூச்சு, அதோடு இன்னொன்று. துணி உரசுகிற சத்தம். யாரோ புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்காருகிற சத்தம்.

குனிந்து கண்ணாடிச் சதுரத்தில் பார்த்தாள். ஸ்டூல். காலி ஸ்டூல். சிவப்பு வெளிச்சம் போதாது என்று ஷட்டரை வெகுநேரம் திறந்தே வைத்திருந்தாள். உதடு தானாக 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தினாள். ஏன் நிறுத்த வேண்டும் என்று மறுபடி ஆரம்பித்தாள். பட்டனை விட்டாள். கிளிக்.

பல்பை அணைத்து, கும்மிருட்டில் பிலிமைப் பிரித்தாள். இரண்டு முனையிலும் கிளிப் மாட்டி, டெவலப்பர் தொட்டியில் தூளி ஆட்டுவதுபோல் இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அம்மா இப்படித்தான் ஆட்டுவாள். இருட்டில் நிற்கும்போது தன் பின்கழுத்தில் ஒரு காற்று படுவதை உணர்ந்தாள். சூடில்லாத காற்று. ஹைப்போ வாடை. அது தொட்டியிலிருந்து வரவில்லை, பின்னாலிருந்து வந்தது. திரும்பவில்லை. திரும்பினாலும் ஒன்றும் தெரியாது. ஹைப்போவில் முக்கி எடுத்தாள். தண்ணீரில் அலசினாள். சிவப்பு பல்பைப் போட்டாள்.

ஸ்டூல் காலி. அப்பாடா.

பிலிமைப் பல்புக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். முதல் நாலு படத்தில் அம்மா, நாடிக்கட்டோடு, ஜெபமாலையோடு. ஐந்தாவதில் பம்ப்படித் திட்டில் அம்மா. கண்ணீர் குபுக்கென்று வந்தது. கோயில் பெஞ்சில், எடைமேடையில், பிளாட்பாரத்தில். முடிச்சு தளர்கிறது. பஞ்சு விழுகிறது. கண் திறக்கிறது. பதினொன்றாவதில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில், வெயிலில், துணி கழுத்தில் கிடக்க, அருள்ராணி உட்கார்ந்திருந்தாள். நெகட்டிவிலேயே தெரிந்தது அந்த முகம். வேலை முடிந்து களைத்து வந்து 'கஞ்சி இருக்குதா பாப்பா' என்று கேட்கிற முகம். வெனிலாவுக்கு வேண்டியிருந்த படம் அதுதான். சுவரில் மாட்ட, பேரைப் போட, ஊருக்குக் காட்ட, அது போதும். போதும், இத்தோடு பார்க்காமல் விட்டுவிடலாம்.

பார்த்தாள்.

பன்னிரண்டாவதில் ஸ்டூல் இல்லை. அறை இல்லை. முகம். சதுரம் முழுக்க முகம். கேமரா கண்ணாடியில் நெற்றி முட்டுகிற அளவு கிட்டத்தில். கழுத்தில் துணி இல்லை. வாய் திறந்திருந்தது. ஆறு வருஷம் கட்டியிருந்த வாய். வாழ்ந்த காலமெல்லாம் கட்டியிருந்த வாய். தாடை நெஞ்சுவரை இறங்கி, உள்ளே ஒன்றும் இல்லாமல், இருட்டாக. நெகட்டிவில் இருட்டு என்றால் வெறும் பிலிம். வெளிச்சம் ஊடுருவும். பல்பின் சிவப்பு அந்த வாய் வழியாக வந்தது. முகமெல்லாம் கறுப்பு. வாய் மட்டும் சிவப்பு.

கரண்ட் போனது.

பிலிம் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்த சத்தம் கேட்டது. வெளியே மாரியப்பன் யாரையோ திட்டினார். ஒரு கையால் சுவரைத் தடவி, கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. இழுத்தால் திறக்கும். வெளியே தெரு, ஆள், பீடி வாடை.

பல்பு அணைந்துவிட்டது. பிலிம் தண்ணீரில் கிடக்கிறது.

சிவப்பு அணையவில்லை.

எதிரே இருந்தது. நீளமாக, விளிம்பு சிதைந்து, திறந்தபடி. அதற்குள்ளிருந்து மூச்சு வந்தது. மூச்சோடு ஒரு சத்தமும் வந்தது, இன்னும் வார்த்தையாகாத சத்தம்.

வெனிலாவுக்குப் பல் கிட்டியது. பயத்தில் செத்துவிடுவோம் என்றே நினைத்தாள். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"உம் பேரச் சொல்லும்மா" என்றாள். "ஊருக்கே கேக்கறாப்பல சொல்லு."

சிவப்பு இன்னும் அகலமாகத் திறந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற ஆளின் உயரத்தில் இருந்தது அது. ஸ்டூல் பின்னால் தள்ளப்பட்டுத் தரையில் கிறீச்சிட்டது. பிறகு அது மெதுவாக மேலே ஏறி, நிற்கிற ஆளின் உயரத்துக்கு வந்தது.